சேர்வராயன் மலைப் பீபெரி

சேலத்தில் பிறந்து சென்னையில் உத்தியோகம் பார்த்துவரும் அன்பர் ஒருவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். தமக்குத் திருமணமாகி ஓராண்டு நிறைந்ததைக் கொண்டாடும் பொருட்டு, நகரத்தில் இப்போது பிரசித்தி பெற்றுவரும் புதுப்பாணி உணவகம் ஒன்றுக்கு மனைவியுடன் சென்றதாகவும், போஜனத்தின் முடிவில் பரிமாறுபவர் நீட்டிய அட்டையில் ‘சேர்வராயன் மலை, ஒரே தோட்டத்துப் பீபெரி’ என்று ஒரு காப்பியின் பெயரை அச்சிட்டு, மற்றக் காப்பிகளுக்கு உள்ளதைப்போல் இரண்டு மடங்கு விலை குறித்திருந்ததாகவும், சொந்த ஜில்லாவின் பெயரைக் கண்ட பெருமையில் ஆளுக்கொரு கோப்பை வரவழைத்ததாகவும் சொல்லுகிறார். அதை அருந்திய அவர் மனைவி, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் அப்படி என்ன விசேஷம்?” என்று கேட்க, இவரால் விடை சொல்ல இயலவில்லையாம். அந்த மலைமேலுள்ள ஏற்காட்டில் வசிப்பவன் என்ற முறையில் நான் அதை விளக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

காப்பி ஹோட்டல்கள் நம் ஊர்களில் பெருகத் தொடங்கிய காலத்தில் அவை பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடங்களாகவே இருந்தன. மனைவியோடு வருகிறவர்களுக்கென்று ஒரு மூலையில் திரைச்சீலை தொங்கும் ‘பேமிலி ரூம்’ இருக்கும். அதற்குள் சென்று, வந்த காரியத்தை விரைவில் முடித்துக்கொண்டு வெளியேறுவதே சம்பிரதாயமாக இருந்தது. கணவனும் மனைவியும் மாத்திரம் ஒரு மாலைப்பொழுதைத் தங்களுக்கென்று ஒதுக்கி, எதிரெதிரே அமர்ந்து, அவசரமின்றிப் பேசியவாறு உண்பதும், மேஜைக்கு வந்த பண்டத்தைப் பற்றி மனைவியே வாய்திறந்து விசாரிப்பதும் மிகச் சமீபத்தில் உண்டான நல்ல வழக்கங்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு அந்த மேஜையிலேயே பதில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

கொட்டையை வறுப்பது, அரைப்பது, பில்டரில் இட்டு டிகாக்‌ஷன் இறக்குவது முதலியவற்றை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள் ஆதலால் அவற்றை விட்டுவிட்டு, நேரே பூவுக்குப் போகிறேன்.

ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அராபிகா இனம். குளிர்காலத்தில் அறுவடை முடிந்தபின் வரும் வறட்சியில் அதன் கணுக்கள்தோறும் மொட்டுக்கள் திரண்டு, ஓர் அளவுக்குமேல் வளராமல் உறங்கிக் கிடக்கும். மார்ச் அல்லது ஏப்ரலில் நல்ல கோடை மழை ஒன்று பெய்து அவற்றை நனைத்துவிட்டால், அன்றிலிருந்து 8 முதல் 10 நாட்களுக்குள், ஒரு சரிவிலுள்ள செடிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டாற்போல் ஒரே காலையில் வெள்ளை வெளேரென்று மலர்ந்துவிடும். மல்லிகையை நினைவூட்டும் அந்த வாசனை தோட்டத்து எல்லையைக் கடந்து பாதைவரை வந்து வீசும். இரண்டு மூன்று நாட்களில் பூக்கள் வாடி உதிர்ந்துவிடும். மழை பொய்த்தாலோ, அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனாலோ, மொட்டுக்கள் சரியாக மலராமல் அவ்வாண்டின் மகசூலே கெடும். ஆதலால் பங்குனி மாதத்தில் இம்மலைவாசிகள் வானத்தைப் பார்ப்பதுபோல் வேறு எப்போதும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு பூவின் அடியிலும் உள்ள சூற்பையில் இரண்டு அறைகள் உண்டு. அறைக்கு ஒன்றாக இரண்டு சூல்கள். அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் சுபாவம் உடையது. இரண்டு சூல்களும் கருவுற்று, எட்டு ஒன்பது மாதங்கள் வளர்ந்து, பழம் சிவக்கும்போது, உள்ளே இரண்டு விதைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்கும். நெருக்கப்பட்ட முகம் தட்டையாகவும், புறமுதுகு வளைந்தும் அமைவதற்கு இந்த நெருக்கமே காரணம். ஆனால் சில பூக்களில் ஒரு சூல் கருவுறாமலே போய்விடும், அல்லது கருவுற்றும் வளராமல் கருகிவிடும். அப்போது எஞ்சிய விதை பழத்தின் முழு இடத்தையும் தானே எடுத்துக்கொண்டு, எதிரே நெருக்க யாரும் இல்லாமையால், இருபுறமும் உருண்டு திரண்டு வளர்கிறது. சிறு வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் நிலக்கடலை உரிக்க உட்காருவோம். இரண்டு பருப்புள்ள கடலையில், பருப்புகள் ஒன்றை ஒன்று தொடும் இடத்தில் சப்பையாக இருப்பதையும், ஒற்றைப் பருப்புக் கடலையில் அது முத்துப்போல் உருண்டிருப்பதையும் கண்டு, ஒற்றைப் பருப்பைத் தனியே சேர்த்து வைப்பதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும். காப்பிப் பழத்தில் அவ்வாறு உருண்ட ஒற்றை விதைதான் பீபெரி.

ஆகவே பீபெரிக்கென்று தனிச் செடி கிடையாது. தனித் தோட்டமும் கிடையாது. எந்தச் செடியை எடுத்துக்கொண்டாலும், 100 பழங்களுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 வரை இப்படி அமைவது வழக்கம். பீபெரியை விதைத்தால் முளைப்பதும் மற்றச் செடிகளைப் போன்ற சாதாரணச் செடியே. பூக்கும் சமயத்தில் நேரும் வறட்சி, செடிக்குப் போதிய உரமின்மை, மகரந்தம் சரியாகச் சேராமை என்று இதற்குக் காரணங்கள் பல. பரம்பரையும் ஒரு காரணம். அராபிகாவின் உயிரணுக்களில் 44 குரோமோசோம்களும், மற்றொரு காப்பி இனமான ரோபஸ்டாவில் 22-ம் இருக்கின்றன. இவ்விரண்டும் கலந்து பிறக்கும் கலப்புச் செடிக்கு 33 அமைந்துவிட்டால், அவை ஜோடி சேர முடியாமல் தடுமாறுவதால், விதையில்லாத வெற்றுப் பழங்களும் ஒற்றை விதைப் பழங்களும் அச்செடியில் மிகுந்துவிடுகின்றன. பயிர் நூல் வல்லவர்கள் புதிய ரகத்தைச் சோதிக்கும்போது, பீபெரி அதிகம் என்றால் அதை ஒரு குறையாகவே குறித்துக்கொள்கிறார்கள். இரண்டு விதை தரவேண்டிய பழம் ஒன்றைத் தந்தால் தோட்டக்காரருக்கு நஷ்டம் அல்லவா? செடியின் கணக்கில் குறையாக எழுதப்படும் ஒன்று, கடையின் கணக்கில் விசேஷப் பண்டமாக மாறிவிடுகிறது. இந்த விசித்திரத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

அதன் ருசியைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டு விதைகளுக்குச் சேரவேண்டிய சாரமெல்லாம் ஒன்றுக்கே சேருவதால் ருசி அடர்த்தியாக இருக்கும் என்பது ஒரு கட்சி. கேட்க நியாயமாகத் தோன்றினும், ஒரே மரத்தின் தட்டைக் கொட்டையையும் உருண்டைக் கொட்டையையும் தனித்தனியே வறுத்துப் பலமுறை குடித்துப் பார்த்த எனக்கு இதில் பூரண நம்பிக்கை ஏற்படவில்லை. உருண்டையாக இருப்பதால் வறுக்கும் உருளைக்குள் நன்றாகப் புரண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடுகிறது என்பது மற்றொரு கட்சி. இதில் உண்மை இருப்பதாகவே படுகிறது. எனினும் முக்கியமான காரணம் இவ்விரண்டுமல்ல. அது பொறுக்கும் கைகளில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கைகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து சில மாதங்கள், மலையாளிகள் என்று வழங்கப்படும் இம்மலையின் பூர்வகுடிகளும், தோட்டத் தொழிலாளிகளும், சரிவுகளில் ஏறி இறங்கி, சிவந்த பழத்தை மாத்திரம் பார்த்துப் பறிக்கிறார்கள். இயந்திரத்தில் தோல் நீக்கி, வழவழப்புப் போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் பரப்பி, வேளைக்கு வேளை புரட்டி உலர்த்துகிறார்கள். இவ்வாறு கழுவி உலர்த்தியதுதான் கடையில் ‘பிளாண்டேஷன்’ என்றும், பழத்தை அப்படியே உலர்த்தியது ‘செர்ரி’ என்றும் பெயர் பெறுகிறது. பிறகு கோயம்புத்தூர் போன்ற ஊர்களிலுள்ள பதனிடும் சாலைகளில் மேலுறையை நீக்கிச் சல்லடைகளில் சலிக்கும்போது, பெரிய தட்டைக் கொட்டைகள் ‘ஏ’ என்றும், சிறியவை ‘பி’ என்றும் பிரிகின்றன. நீண்ட துளையுள்ள சல்லடைகளாலும், சாய்வாக மேல்நோக்கி நகரும் பட்டைகளாலும் பீபெரி தனியாகிறது: தட்டைக் கொட்டை பட்டையோடு ஒட்டி மேலே போய்விட, உருண்டை கீழே உருண்டு வந்து விழும். இறுதியில் மேஜைகளில் பரப்பி, உடைந்தது, கறுத்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பெண்கள் கையால் பொறுக்கி எறிகிறார்கள். இத்தனை முறை சலித்தும் பொறுக்கியும் எடுத்த கொட்டையில் குறை மிகவும் அருகிவிடுவதால், கோப்பையில் கசடான ருசி எதுவும் தலைகாட்டுவதில்லை. அந்த அம்மாளுக்கு “நன்றாகத்தான் இருக்கிறது” என்று தோன்றியதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே. அன்பர் கொடுத்த இரட்டை விலையில் நியாயமான பகுதி அந்தப் பெண்களின் கண்ணுக்கும் விரலுக்கும் உரியது. அவர்களுக்கு அது போய்ச் சேருகிறதா என்று கேட்பதும் கோப்பையை ரசிப்பதில் சேர்ந்த காரியமே.

அத்தகைய உணவகங்களில் காப்பி இறக்கும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிலான் நகரத்து லூயிஜி பெசேரா 1901-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நீராவி இயந்திரத்திலிருந்து வளர்ந்து, அதே நகரத்து அக்கில்லே காஜியாவின் கையில் திருத்தம் பெற்ற அது, வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தூளின் ஊடே செலுத்தி, அரை நிமிஷத்துக்குள் சாரத்தை இறக்கிவிடுகிறது. நம் பில்டர் பூமியின் ஈர்ப்பை மட்டும் நம்பி நிதானமாகச் சொட்டுகிறது. பீபெரி இரண்டுக்கும் ஏற்றதே. இரவு உணவுக்குப் பிறகு குடித்தால் உறக்கத்தைக் கலைப்பதில் அதுவும் மற்ற அராபிகாவுக்குக் குறைந்ததன்று என்பதை மாத்திரம் தம்பதிகள் நினைவில் கொள்ளட்டும்.

மலையின் பெயரை அட்டையில் அச்சிட்ட அந்த உணவகத்தாரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். காப்பி என்றாலே குடகும் சிக்மகளூருமே நினைவுக்கு வரும் நம் நாட்டில், மேற்கு மலைத்தொடரிலிருந்து விலகிக் கிழக்கு மலைத்தொடரைச் சேர்ந்து நிற்கும் இச்சிறு மலையிலும் காப்பி விளைகிறது என்பதைப் பலர் அறியார். சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-ஐ ஒட்டி இங்கே காப்பியைக் கொணர்ந்து நட்டார். இங்குள்ள கிரேஞ்ச் தோட்டம் இன்றும் அந்த ஆரம்ப காலத்தை நினைவுபடுத்திக்கொண்டு இருக்கிறது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளாக இம்மலையின் கொட்டை மூட்டைகளில் இறங்கி, வேறு பிரதேசத்துக் கொட்டைகளோடு கலந்து, பெயரும் ஊரும் அற்ற தூளாகவே வீடுகளை அடைந்து வந்திருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து, ஏரிக்கரையில் ஒரு நல்ல விடுதியில் அமர்ந்து, உள்ளூர்க் காப்பி வேண்டும் என்று கேட்டபோது, உடனடித் தூளைக் கரைத்து எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடி காய்த்து நின்றது. இது தோட்டக்காரருக்கும் விருந்தினருக்கும் ஒருங்கே செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன்.

பெயரை அச்சிட்டால் போதாது, பெயருக்கு உரியது கோப்பையில் இருக்க வேண்டும். காப்பித் தூளோடு கலக்கும் சிக்கரி ஒரு கிழங்கு வேர். அதை விரும்பிக் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கலவையில் காப்பி 100-க்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்றும், விகிதத்தை உறையின்மேல் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டமே இருக்கிறது. ஆனால் பீபெரி என்று சொல்லி ஒரு விலை வாங்கிக்கொண்டு, பாதிக்குப் பாதி வேறு எதையேனும் சேர்ப்பது வியாபார தர்மம் ஆகாது.

இதைவிடக் கவலை தருவது நிழல். நம் நாட்டுக் காப்பி மரநிழலில் வளர்வது. அராபிகாவின் பரம சத்துருவான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு, வெயில் படும் தண்டின் பட்டையிலே முட்டையிட விரும்புகிறது; புழு உள்ளே சென்று தண்டைக் குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிழல் கலைந்த சரிவில் இந்த வண்டு குடிபுகுகிறது. காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விடுதிகளின் முன்னே மரங்களை வீழ்த்துவதும், பலாவும் அத்தியும் நின்ற இடத்தில் விரைவில் காசாகும் சில்வர் ஓக்கை மாத்திரம் நடுவதும் இம்மலையில் நான் நாள்தோறும் காணும் காரியங்கள். மிளகுக்கொடி ஏறுவதற்குச் சில்வர் ஓக் வசதியானது, அதை மறுக்கவில்லை. எனினும் பலவகை மரங்கள் கலந்து நிற்கும் நிழலில் உதிரும் சருகும், அங்கே தங்கும் ஈரமும், கூடு கட்டும் பறவைகளும் ஒரே ஜாதி மரத்தின் கீழே கிடைப்பதில்லை. இருவர் மகிழ்ந்திருக்க ஒரு மாலை வேண்டும் என்று இங்கே வருகிறவர்கள், அறையைப் பதிவு செய்யும்போது, மரங்களை வைத்துக் கட்டிய விடுதி எது என்று ஒரு முறை விசாரித்தாலும் அதற்குப் பலன் உண்டு.

கடைசியாக அன்பர் கேட்டிருப்பது, அட்டையில் உள்ளது மெய்தானா என்று அறிய வழி உண்டா என்பது. தூளாக அரைத்தபின் எனக்குத் தெரிந்த வழி இல்லை. ஆகையால் அடுத்த முறை இருவரும் செல்லும்போது, அரைப்பதற்கு முன் ஒரு பிடிக் கொட்டையை வெள்ளைத் தட்டில் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல உணவகம் மறுக்காது. தட்டை மெல்லச் சாய்த்தால் பீபெரி உருண்டு ஓரத்துக்கு வரும், தட்டைக் கொட்டை இருந்த இடத்திலேயே தங்கும். நூற்றுக்கு ஐந்தோ பத்தோ தங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். பாதி தங்கிவிட்டால், நம் வீடுகளில் காலங்காலமாக வாங்கும் ‘பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி’ என்ற கலவையே அது. அதுவும் மிக நல்ல காப்பிதான், ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்தால் போதும்.