ரிம்மைத் தூக்கிப் பிடிப்பது யார்?

மரக்காணம் முதல் புதுச்சேரி வரையுள்ள 46 கிலோமீட்டரை நான்கு வழிச் சாலையாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 2,157 கோடி ரூபாய். சாலை வருவதற்கு முன்பே ஆசை வந்துவிட்டது. அந்தப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “உப்பு ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்கைக் குறைத்து வண்டியைத் தாழ்த்தி, அலாய் வீல் மாட்டலாம் என்கிறான் தம்பி. எந்த சைஸ் டயர் போடுவது?”

தம்பி பார்க்கும் வீடியோக்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: தாழ்ந்த பிக்கப்புகளின் பின்பக்கம் எப்போதும் காலி. உப்பள வண்டி அப்படி ஓடாது. கல்லுப்பு ஒரு கன மீட்டர் குவிந்தாலே ஒரு டன்னைத் தாண்டும். ஊரெல்லாம் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதற்கு அனுமதித்த சுமை 750 கிலோ. பக்கப் பலகை மட்டத்துக்கு உப்பை நிரப்பினால் அந்தக் கணக்கு எப்போதோ மீறியிருக்கும். ஆக, மரக்காணத்தில் வண்டியைத் தாழ்த்த மெக்கானிக் தேவையில்லை. உப்பே அந்த வேலையைச் செய்துவிடும். ஸ்பிரிங்கையும் குறைத்தால், அது வாங்க வேண்டிய அடியை யார் வாங்குவது? டயர்தான்.

வண்டியைத் தாங்குவது காற்று என்பார்கள். அது பாதி உண்மை. டயருக்குள் இருக்கும் காற்று ரிம்மை எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் அழுத்துகிறது. மேலே அழுத்துவதும் கீழே அழுத்துவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். அப்படியென்றால் ரிம்மைத் தூக்கிப் பிடிப்பது யார்? கீழே நசுங்கி நிற்கும் ரப்பர் அல்ல; மேலே, சுமையே படாததுபோல் நிற்கும் பக்கச் சுவர்.

ரேடியல் டயரின் பக்கச் சுவருக்குள் ஆயிரக்கணக்கான நூல்கள் ரிம்மிலிருந்து வெளி வட்டம் வரை ஓடுகின்றன. காற்று அவற்றை விறைக்க வைக்கிறது. ஒவ்வொரு நூலும் ரிம்மைத் தன் பக்கம் இழுக்கிறது. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது எல்லா இழுப்பும் சமம். இறக்கியதும் தரையைத் தொடும் இடத்தில் சுவர் பிதுங்குகிறது. அங்கே நூல்கள் வளைந்து, ரிம்மைக் கீழே இழுக்கும் வலுவை இழக்கின்றன. மேலே இருக்கும் நூல்களின் இழுப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மிஞ்சும் அந்த மேல் இழுப்பில்தான் உப்பும் ஓட்டுநரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். உத்திரத்தில் கட்டிய தூளியில் குழந்தை. ஆடாமல் இருக்கப் பாட்டி கீழேயிருந்து ஒரு கயிற்றால் தூளியை இழுத்துப் பிடித்திருக்கிறாள். குழந்தை கனக்கக் கனக்கப் பாட்டி தன் பிடியைத் தளர்த்துகிறாள்; உத்திரம் கூடுதலாக எதுவும் செய்யாமலேயே குழந்தை தொங்கி நிற்கிறது. ரிம்தான் குழந்தை, மேல் சுவர் தூளித் துணி, கீழ்ச் சுவர் பாட்டி. பாட்டி தளர்வதற்குக் கயிற்றில் நீளம் வேண்டும். ஒரு சாண் கயிறு மட்டும் கொடுத்தால், முதல் பள்ளத்திலேயே பிள்ளையின் முதுகு தரையில் இடிக்கும். அப்புறம் பாட்டிக்கும் மருமகளுக்கும் நடப்பது இயற்பியலில் சேராது.

அந்தக் கயிற்றின் நீளம்தான் பக்கச் சுவரின் உயரம். பிக்கப்புகளில் அடிக்கடி பார்க்கும் 215/75 R15ஐ எடுத்துக்கொள்வோம். 215 மில்லிமீட்டரில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர் சுவர். மொத்த விட்டம் 704. பதினேழு அங்குல அலாயில் 225/60 R17 மாட்டினால் விட்டம் 702; ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சுவர் 135ஆகக் குறைந்துவிட்டது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சுவர் நசுங்கி நூல் அறுந்தால், அந்த இடத்தில் டயர் கட்டிபோல் வீங்கும். அந்த டயருக்கு வைத்தியம் கிடையாது.

பழைய ரிம்மிலேயே சின்ன டயர் போட்டால்? 205/65 R15இன் விட்டம் 648. வண்டி 28 மில்லிமீட்டர் தாழும். நிஜமாக 60இல் போகும்போது முள் 65 காட்டும். அதைக்கூடப் பொறுக்கலாம். கார் டயராக விற்கும் அந்த அளவில் வழக்கமாக இருக்கும் சுமைக் குறியீடு 94. ஒரு டயருக்கு 670 கிலோ. சரக்கு வண்டி டயரில் 106 என்று இருந்தால் 950 கிலோ. பளபளப்பான விளம்பரங்களில் இந்த எண் மட்டும் பொடி எழுத்தில்கூட வருவதில்லை.

   

உப்பளத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ட்யூப்லெஸ் டயர் உட்காரும் ரிம் விளிம்பில் உப்பு ஈரம் துருவேற்றும். அலாயையும் அது அரித்துக் குழியாக்கும். விளிம்பு சொரசொரத்தால் காற்று மெல்லக் கசியும். நூல்களின் விறைப்பும் போகும். ஒரு டயரில் 600 கிலோ, காற்று 60 பவுண்டு என்றால் தரையைத் தொடும் இடம் சுமார் 12க்கு 12 சென்டிமீட்டர்தான். காற்று குறைந்தால் அந்த இடம் அகலும், சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கிச் சூடேறும். இதற்கு நைட்ரஜன் மருந்தல்ல; சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது.

சட்டமும் தம்பி பக்கம் இல்லை. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை போடுகிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

எனவே, வண்டியோடு வந்த அளவே போதும். இப்போதே ஒரு சோதனை செய்யலாம்: அனுமதித்த சுமையை ஏற்றி, ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, மட்கார்டின் உட்புறத்தில் விரலை விட்டுப் பாருங்கள். டயர் தேய்த்து வழவழப்பான கறுப்புத் தடம் தட்டுப்பட்டால் வண்டி ஏற்கெனவே தேவைக்கு மேல் தாழ்ந்துவிட்டது. புது டயர் வாங்கும்போது சைஸோடு சுமைக் குறியீட்டையும் கேளுங்கள். கடைக்காரர் பதிலுக்குப் பதில் வீல் டிசைனைக் காட்டினால், அடுத்த கடைக்குப் போங்கள்.