தாத்தாவின் அம்பாசிடருக்குப் புது மட்கார்டு எங்கே கிடைக்கும்? துருப்பிடித்த தகட்டை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது ஒரு பழைய அம்பாசிடர். டிஎன் 25, திருவண்ணாமலை பதிவு. இன்ஜினை எப்படியாவது மெக்கானிக் ஓட வைத்துவிடுவார். ஆனால் மேட்டைத் தூக்கிப் பார்த்தால், ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது. இப்போ என்ன செய்வது?

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கும் பல வருடங்கள் முன்பே நின்றுபோனது. கடையில் பேனல் கிடைக்கவில்லை என்றால் வழி இரண்டுதான். இன்னொரு பழைய காரிலிருந்து வெட்டி எடுக்கலாம். இல்லையென்றால் டிங்கர் பட்டறையில் தட்டிச் செய்ய வேண்டும்.

தட்டிச் செய்வது ஏன் கஷ்டம்?

மலை உச்சிக்குப் போகும் மகா தீபக் கொப்பரையை நினைத்துப் பாருங்கள். மேலே அகலம், கீழே குறுகல். எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த வடிவத்தை ஒரு பேப்பரை வெட்டிச் சுருட்டியே கொண்டுவந்துவிடலாம். ஏனென்றால் அது ஒரு பக்கமாக மட்டுமே வளைகிறது.

மட்கார்டு அப்படி இல்லை. முன்பின்னாகவும் வளையும், மேல்கீழாகவும் வளையும். அதன்மேல் பேப்பரை வைத்து அமுக்கினால் ஓரத்தில் மடிப்பு விழும். சில இடத்தில் கிழியும். அனுபவமுள்ளவருக்கு அதுதான் மேப். மடிப்பு விழும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும், கிழியும் இடத்தில் நீட்ட வேண்டும். மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் அடித்தால் தகடு மெலிந்து குழியும். பிறகு பின்பக்கம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் மெதுவாகத் தட்டி மேடு பள்ளத்தைச் சமமாக்குவார்கள். ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் நொடியில் செய்ததை, இங்கே கை மணிக்கணக்கில் செய்கிறது.

எந்த ஷீட்?

சி.ஆர். ஷீட், பெரும்பாலும் 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. பழைய தகட்டின் தடிமனை அளந்து, அதற்கு ஒத்ததாக வாங்குவதே சரி.

"துருப்பிடிக்காது சார்" என்று யாராவது ஜி.ஐ. ஷீட்டைச் சொன்னால் யோசியுங்கள். அதன் மேல்பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ கிட்டத்தட்ட 1,500 டிகிரி வேண்டும். அதனால் வெல்டிங் வைத்ததும் பூச்சு புகையாகும். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் குளிர் காய்ச்சல் வரலாம்.

வெல்டிங்கில் என்ன சிக்கல்?

சூட்டில் விரியும் தகடு, ஆறும்போது சுருங்கிப் பக்கத்துத் தகட்டையும் இழுக்கும். ஒரே இழுப்பில் நீளமாக வெல்டிங் வைத்தால் பேனல் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று பொட்டு வைத்து, ஆறவிட்டு, பிறகுதான் இடைவெளியை நிரப்ப வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லாப் பழைய காருக்கும் ஒரே கதையா?

இல்லை. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு. ஃப்ளோரையும் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியையும் சும்மா வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், கதவு பொருந்தாது. வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்கிறார்களா என்று பாருங்கள்.

சென்னைக்கு அருகே, வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நேர் எதிர். அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடி பகுதிகள் பெரும்பாலும் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. கழற்றி, சரிசெய்து, மாட்டலாம்.

'வின்டேஜ்' பதிவு போய்விடுமா?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார், பைக்குகளை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. முக்கியமான நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது.

அதனால் துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி, அதே வடிவத்தில் தகடு வைப்பதே புத்திசாலித்தனம். வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டைலுக்காக வடிவத்தை மாற்றினால் சிக்கல் உங்களுக்குத்தான்.

ஏமாறாமல் இருக்க

* ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றி பேனல் முழுக்க நகர்த்துங்கள். பிடி விடும் இடத்தில், பெயின்டுக்குக் கீழே தடிமனான பட்டியோ ஃபைபரோ இருக்கலாம்.
* துருவின்மேலேயே புதுத் தகட்டை ஒட்ட விடாதீர்கள். நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும். இடுக்கில் தண்ணீர் தங்கினால் துரு மறுபடி தொடங்கும்.
* பட்டி பார்ப்பதற்கு முன்பே போய் வெறும் தகட்டைப் பாருங்கள். ப்ரைமர் உள்பக்கமும் அடித்திருக்க வேண்டும்.

பெயின்ட் அடித்த பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரி பளபளக்கும். இரண்டு மழைக்காலம் போனால்தான் வித்தியாசம் தெரியும். பட்டறைக்கு ஒருமுறை கூடுதலாகப் போய்வாருங்கள். செலவு பஸ் காசு மட்டும்தான்.