மண்டையைத் திறக்காமல் மூளையை அறிவது

விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டாலும், அந்தத் தொழில் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கத்தி பட்டையை மட்டும் சீவ வேண்டும். மரத்தில் காயம் படக் கூடாது. அவருடைய கை அளவு தவறாமல் ஓடுகிறது. மனமோ மகளின் பள்ளிச் செலவை எண்ணிக்கொண்டிருக்கிறது. மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அவர் கேட்காமலே நடந்துகொண்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் நடத்துவது மூளை. எண்ணுவதும் பேசுவதும் முடிவு செய்வதும் பெருமூளையின் வேலை. கையின் ஓட்டத்தைப் பிசகாமல் சீர்படுத்துவது, பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை. அதற்கு முன்புறமாகக் கீழே இறங்கி முதுகுத்தண்டோடு சேரும் மூளைத்தண்டுதான் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் காவல் காக்கிறது. எடையில் மூளை ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. உடம்பின் எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனாலும் நாம் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே இரத்தம் சில நிமிடங்கள் நின்றாலும் அது தாங்காது.

வயிற்றை அமுக்கிப் பார்க்கலாம். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கலாம். எலும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் மூளையை எப்படிச் சோதிப்பது? இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் நெகிரி செம்பிலானிலேயே, போர்ட்டிக்சன் வட்டாரத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா ஊர்களில் நடந்ததைப் பார்ப்போம்.

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவுக்கு அருகே ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. ஆண்டு முடிவதற்குள் அது நம் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளுக்கும் வந்துவிட்டது. பண்ணை நடத்திய சீனக் குடும்பங்களோடு, அங்கே கூலி வேலைக்குப் போன நம்மவர்களும் நோயில் விழுந்தார்கள். காய்ச்சல், தலைவலி, பிறகு தூக்கம் போன்ற மயக்கம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நோயாளிகளை மருத்துவர்கள் சோதித்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார்கள். கால் துள்ளியிருக்க வேண்டும், பலருக்குத் துள்ளவில்லை. மயங்கிக் கிடந்தவரின் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார்கள். மூளைத்தண்டு நலமாக இருந்தால் கண்கள் பொம்மைக் கண்போல இடப்பக்கம் நகர வேண்டும். இவர்களில் பலருக்கு அப்படி நகரவில்லை. இரத்த அழுத்தம் ஏறியது, நாடி பறந்தது, கழுத்தும் கையும் விட்டுவிட்டுத் துடித்தன. இந்த அடையாளங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது அடிபட்ட இடம் தெரிந்தது: மூளைத்தண்டு. மண்டையில் ஒரு கீறல்கூடப் போடாமல் தெரிந்துகொண்டார்கள்! விலை உயர்ந்த கருவிகளைப் பற்றிக் கேட்டு வியக்கும் நாம், இந்தச் சுத்தியலையும் கொஞ்சம் வியக்கலாம்.

அதன் பிறகுதான் கருவிகள். தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மெல்லிய மின் அலைகளை வரையும் ஈ.ஈ.ஜி., அலைகள் மந்தமாகிவிட்டதைக் காட்டியது. காந்தத்தின் உதவியால் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ., மூளைக்குள் இங்கும் அங்குமாக ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சின்னஞ்சிறு புள்ளிகளைக் காட்டியது. அவை என்ன? இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தபோது விளங்கியது. வெட்டுக் கோட்டில் பால் உறைந்து ஒட்டுப்பாலானதும் ஒழுகுவது நின்றுவிடுகிறதல்லவா? அதுபோல நோய்க்கிருமி நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைப் புண்ணாக்க, அங்கே இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அடைப்புக்கு அப்பால் இருந்த மூளைத் திசு இரத்தமின்றிச் செத்தது. நரம்பணுக்களுக்குள்ளும் கிருமி புகுந்திருந்தது.

கொசுதான் காரணம் என்பதில் வேறு ஐயங்களும் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு நெருங்கி வேலை செய்த வளர்ந்த ஆண்கள். பன்றிகளும் இருமிக்கொண்டே செத்தன. 1999 மார்ச்சில், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா கவ் பிங், நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அதைச் சோதிக்க அமெரிக்காவுக்கே எடுத்துச் சென்றார். சுங்கை நீப்பாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது: நீப்பா கிருமி. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தார்கள். கிருமியின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால்கள் என்று பின்னர் தெரியவந்தது.

பிழைத்தவர்களின் கதை இத்துடன் முடியவில்லை. அந்த மருத்துவமனையில் விரிவாக ஆராயப்பட்ட 94 பேரில் 30 பேர் இறந்தார்கள். 50 பேர் முழுமையாகத் தேறினார்கள். 14 பேருக்குக் குறைகள் நிலைத்துவிட்டன. வேறு சிலருக்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் மீண்டும் தலைகாட்டியது. தேறியவர்களிலும் சிலருக்கு நினைவு தடுமாறியது; கவனம் நிலைக்கவில்லை; மனச்சோர்வு வந்தது.

ஒருவர் நன்றாக நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறார். தொட்டதற்கெல்லாம் சினம் கொள்கிறார். வீட்டில் இருப்பவர்கள் சோம்பல் என்றும் திமிர் என்றும் நினைத்துவிடுகிறார்கள். மருத்துவர் அப்படி நினைப்பதில்லை. அவர் சில சொற்களைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, அரை மணி நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்கிறார். நோயாளி எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதைத் தாளில் குறித்துக்கொள்கிறார். கூடவே, வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வியும் கேட்கிறார்: காய்ச்சலுக்கு முன் இவர் எப்படி இருந்தார்? அதற்கு எந்தக் கருவியும் விடை சொல்லாது. அவரோடு வாழ்ந்த மனைவியோ மகனோதான் சொல்ல வேண்டும்.