எழுத்துக்கு இவ்வளவு

"அண்ணாச்சி, ‘கோ’ ஒரு எழுத்துதானே? மூணு எழுத்துக் காசு கேக்கிறீக?"

தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு எதிரே குத்தவைத்திருந்த அக்கா விடுவதாக இல்லை. பேர் வெட்டுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொம்பு ஒண்ணு, க ஒண்ணு, கால் ஒண்ணு. உளி மூணு தரம் எறங்குதுல்லம்மா?" பேச்சு முடிவதற்குள் ‘கோமதி’க்குக் கொம்பு முளைத்துவிட்டது. கடைசியில் ரெண்டு எழுத்துக் காசுக்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல் கடைவரிசை. நான் வந்தது இவரைப் பார்க்க அல்ல. பேர் பொறித்த பரிசுப் பொருள் திருவிழாக் கடைகளில் சக்கைப்போடு போடுகிறது, அதை எழுது என்று அனுப்பியிருந்தார்கள். அப்படி ஒரு லேசர் கடை நாலு கடை தள்ளி, ஜெனரேட்டர் இரைச்சலோடு இருந்தது. கூட்டமும் அங்கேதான். ஆனால் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த இந்த மனிதரின் சுத்தியல் சத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. மடித்த சாக்கின் மேல் பாத்திரம், இடதுகைப் பெருவிரல் ஓரத்தில் உளி, புள்ளி புள்ளியாக நகர்கிற எழுத்து. வெட்டி முடித்த வாளிக்குள் விரலை விட்டுத் தடவினேன். அதே எழுத்து, கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி, மேடு மேடாகத் தட்டுப்பட்டது.

முதலில் வந்த வேலையை முடித்துவிடுகிறேன். லேசர் கடைத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி என்று திருவிழா திருவிழாவாகக் கடை போடுகிறார். சாவிக்கொத்து, மரப்பலகையில் போட்டோ, தண்ணீர் பாட்டில், பேனா. மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் ஒரு மிஷின், அது கார்பன் டை ஆக்சைடு லேசர். வெறும் உலோகத்தில் அது பதியாது, அதற்கு ஃபைபர் லேசர் தனியாக வேண்டும். இரண்டையும் வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது.

வியாபார நுணுக்கம் என்று அவர் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. கடை திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற குழந்தைக்கு ஒரு மரச்சில்லில் பேர் போட்டுச் சும்மா கொடுத்துவிடுவார். அது அந்தச் சில்லைத் தூக்கிக்கொண்டு திருவிழா முழுக்கச் சுற்றும். நோட்டீஸ் அடித்தால்கூட அவ்வளவு பேர் பார்க்க மாட்டார்கள் என்கிறார். இன்னொன்று பட்டுத் தெரிந்தது. தப்பாகப் போட்ட பேரை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். வெறும் பாட்டில் சரக்கு, பேர் விழுந்த பாட்டில் குப்பை. அதனால் வாங்குகிறவர் கையாலேயே துண்டுச்சீட்டில் பேரை எழுதி வாங்கி, முன்பணமும் வாங்கிய பிறகுதான் மிஷினைத் தொடுவது. பேர் பொறித்த சாவிக்கொத்துகளைத் தயாராகத் தொங்கவிடுகிற காலமும் போய்விட்டதாம். ஊருக்குப் பத்து கருப்பசாமி, பத்து மாரியம்மாள் இருந்தவரை அது ஓடியது. இன்றைக்கு வகுப்பில் இரண்டு பிள்ளைக்கு ஒரே பேர் வந்தால் அதிசயம். திருவிழாவில் பிடித்த நம்பர்களுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதில்தான் வருஷம் முழுக்கப் பிழைப்பு: காதுகுத்து, வளைகாப்பு, வாத்தியார் ஓய்வு பெறுகிற விழா.

சரி. இனி என் சங்கதி.

இந்தக் கரிசல் காட்டில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டியது அழகுக்கு அல்ல. விசேஷ வீட்டுக்கு இரவல் போகிற அண்டா திரும்பி வர வேண்டும். பந்தியில் கலந்துபோன இருபது வீட்டுக் கரண்டிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். மொய்க்கு வந்த குடத்தில் கொடுத்தவர் பேர் இருந்தால்தான் அவர் வீட்டு விசேஷத்துக்கு அதே கனத்தில் திருப்பிச் செய்ய முடியும். எல்லாவற்றையும்விட, மழை பொய்த்த வருஷம். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கண்மாய் காய்ந்து, வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற மாதங்களில் வீட்டில் முதலில் வெளியேறுவது பித்தளைதான். அடகுக்கடையில் நூறு குடத்துக்கு நடுவே ஒரு குடம் தன் வீட்டைத் தெரிந்துவைத்திருந்தது என்றால் அந்தப் புள்ளி எழுத்துகளால்தான். சீர்ப்பாத்திரத்தில் பொண்ணு பேரையே வெட்டிக் கொடுத்த அப்பன்மார் உண்டு. நாளைக்கே ஏதாவது என்றால் எது யாருடையது என்று பஞ்சாயத்தில் வாய் பேச வேண்டியதில்லை. எவர்சில்வர் வந்தது, அடகு மதிப்பு போனது, பேர் மட்டும் கொஞ்ச காலம் தொடர்ந்தது.

பழக்கம் புதிதும் அல்ல. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பேர் இருக்கிறது. பல ஓடுகளில் பானை சுட்ட பிறகு கீறியிருக்கிறார்கள். குயவர் அல்லாமல் பானைக்குச் சொந்தக்காரர்களே கீறியிருக்கலாம் என்கிறார்கள். திருச்சுழிக்குப் பக்கத்துப் பள்ளிமடம் கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர்களின் பேர் வட்டெழுத்தில் கல்லில் நிற்கிறது. அன்றைக்கு ஆடு, இன்றைக்கு டியூப்லைட். உபயதாரர் பேர் மட்டும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அப்படியே. வேடிக்கை என்னவென்றால், இதே திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன் 1896-ல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது எழுதி வைத்த சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டுவிட்டுப் போனார். பேரே வேண்டாம் என்று போன ரமணரின் ஊர்க்காரர்கள் இங்கே கரண்டிக்காம்பில்கூட இனிஷியல் கேட்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரே ஒரு கவலை. எழுத்து.

லேசர் தம்பியிடம் ‘கொற்றவை’ என்று எழுதிக் கொடுத்தேன். மிஷினோடு வந்த மென்பொருளில் தட்டினார். திரையில் க தனியாக, கொம்பு தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டம். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிற கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுகிற அறிவு அந்த மென்பொருளுக்கு இல்லை. யூனிகோடை அரசே ஏற்று 2010-ல் ஆணை போட்டாகிவிட்டது. மலிவு மிஷினுக்குள் அது இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால் பழைய பாமினி எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்து, படமாக மாற்றி, பிறகு மிஷினுக்கு அனுப்ப வேண்டும். கூட்ட நேரத்தில் யார் செய்வது? "இங்கிலீஷ்ல போட்டுறலாமாண்ணே? பார்க்க ரிச்சா இருக்கும்" என்று கேட்டார். மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்த இருபது முப்பது சாமானில் தமிழில் இருந்தது ஒன்றே ஒன்று, ‘அம்மா’. அதில் கொம்பு இல்லை, சிக்கல் இல்லை. கேட்கிறவர்கள் ஆங்கிலம் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்கிறார் தம்பி. இருக்கலாம். ஆனால் கேட்கும் முன்பே வாயில் ஆங்கிலத்தை ஊட்டிவிட்டு, கேட்டார்கள் என்பது என்ன கணக்கு? ஊர்ப் பேரையே எடுங்கள். திருச்சுழியின் ‘ழி’யை ஆங்கிலத்தில் ஒரு பலகை எல் போட்டு எழுதுகிறது, இன்னொன்று இஸட்-ஹெச் போடுகிறது. உளிக்காரருக்கு இந்தக் குழப்பம் ஏது? அவருக்கு ழ ஒன்றுதான். ‘ள’ போட்டு எழுதிக் கொடுத்தாலும் திருத்தி வெட்டிவிட்டு, "கொண்டு போம்மா, சரியாத்தான் இருக்கு" என்பார்.

கைவினைக் கண்காட்சி என்றால் தஞ்சாவூர்த் தட்டு, பத்தமடைப் பாய், மானாமதுரை மண்பாண்டம் என்று வரிசை கட்டும். பேர் வெட்டுகிறவருக்கு மேஜை போட்டு நான் பார்த்ததில்லை. வெறும் எழுத்து என்று நினைத்துவிட்டார்கள்போல.

பொழுது சாய்கிற நேரத்தில் நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். கையில் புளி போட்டு விளக்கிய பித்தளைச் செம்பு. லேசர் கடையில் கேட்டுப் பார்த்திருக்கிறார். செம்புபோல் வயிறு பெருத்த சாமானைச் சுழற்றிப் பிடிக்கிற கருவி அங்கே இல்லை. செம்பின் கழுத்தடியில் ‘மலையம்மாள்’. அவருடைய அம்மா. அதில் ‘லை’ பழைய எழுத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் போட்ட, தும்பிக்கை தூக்கிய லை. பேத்திக்கு வைகாசியில் கல்யாணம், கீழே அவள் பேரையும் வெட்ட வேண்டும்.

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது தம்பி" என்றார் என்னிடம். "இந்தத் தும்பிக்கை இருந்தா எங்காத்தா சாமான். அம்புட்டுத்தான் தெரியும். அடகுக்கடையில இதை வச்சே ரெண்டு தரம் அடையாளம் காட்டி மீட்டிருக்கேன்."

பேத்தி பேர் தர்ஷினி. பேர் வெட்டுகிறவர் விரலால் செம்பின் மேல் எழுதிப் பார்த்து இடம் கணக்குப் போட்டார்.

"இதுல தும்பிக்கை வருமா?"

"வராது ஆத்தா. கொக்கிதான் வரும்."

பெரியம்மா கொஞ்ச நேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பக்கத்துல ஒரு பூ வெட்டிரு. எனக்குத் தெரியணும்ல." பிறகு சுருக்குப்பையை அவிழ்த்தபடி கேட்டார், "பூவுக்கு எத்தனை எழுத்துக் காசு?"