போறது ஈஸி... திரும்பி வர்றதுதான் மேட்டர்!

ஒரு சின்ன கற்பனை. காலையில செங்கல்பட்டுல இருந்து கிளம்புற எலெக்ட்ரிக் டிரெய்ன், எங்க ஊர் சிங்கப்பெருமாள் கோயில்ல நம்மளை ஏத்திக்கிட்டு, தாம்பரம், கிண்டி, மாம்பலம்னு நின்னு நின்னு பீச் ஸ்டேஷன் போய்ச் சேருது. எல்லாரும் இறங்கினதும் அந்த டிரெய்னை அப்படியே தள்ளிட்டுப் போய் கடல்ல கவுத்துடறாங்க. சாயங்காலம் வீடு திரும்பணுமா? புதுசா ஒரு டிரெய்ன் செஞ்சாகணும். அப்படி இருந்தா சீசன் டிக்கெட் என்ன விலை விக்கும்? யோசிச்சுப் பாருங்க பாஸ்!

சிரிப்பு வருதுல்ல? ஆனா 1957-ல ஸ்புட்னிக் போனதுல இருந்து பல வருஷமா உலகம் முழுக்க ராக்கெட் விட்ட கதை இதேதான். கோடிக்கணக்குல கொட்டிச் செஞ்ச எஞ்சின், சில நிமிஷம் எரியும். அப்புறம் கடல்ல விழும். நம்ம பி.எஸ்.எல்.வி.யும் அப்படித்தான். நாலு அடுக்குல ஒண்ணுகூட மறுபடி பறக்கிறதுக்காகத் திரும்பி வராது.

இந்தக் கதையை மாத்தணும்னு நினைக்கிறவங்க அமெரிக்காவுல மட்டும்தான் இருக்காங்கன்னு நினைச்சீங்கன்னா, ஒரு பஸ் பிடிச்சு ஈ.சி.ஆர். பக்கம் வாங்க. கோவளம் தாண்டினா திருவிடந்தை. நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் ஊர். கல்யாணம் ஆகாத அண்ணன், அக்காக்கள் மாலை போட்டுக்கிட்டு பிராகாரம் சுத்துவாங்களே, அதே ஊர்தான். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் பத்திரமா வச்சிருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியா அதோட திரும்பி வரணும்ங்கிறது அங்க வழக்கம். திரும்பி வந்தாத்தான் வேண்டுதல் முழுசாகும்!

2024 ஆகஸ்ட் 24 காலையில, அதே திருவிடந்தையில இருந்து ஒரு ராக்கெட் கிளம்புச்சு. பேரு ரூமி-1. செஞ்சது ஸ்பேஸ் ஸோன் இந்தியாங்கிற தமிழ்நாட்டு ஸ்டார்ட்-அப். நிறுவனர் ஆனந்த் மேகலிங்கம். வழிகாட்டி, நம்ம மயில்சாமி அண்ணாதுரை. மூணு கியூப்சாட், ஐம்பது பிகோ சாட்டிலைட்டுகளைத் தூக்கிக்கிட்டு, நகர்த்திக் கொண்டுபோகக்கூடிய ஒரு ஏவுதளத்துல இருந்து பறந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2023 பிப்ரவரி 19-ல, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல பட்டிப்புலத்துல இருந்து இதே குழு ஒரு ராக்கெட் விட்டுச்சு. அதுல போன 150 பிகோ சாட்டிலைட்டுகளைச் செஞ்சது யார் தெரியுமா? ஸ்கூல் பசங்க! நாமெல்லாம் அந்த வயசுல தெர்மோகோல்ல எரிமலை செஞ்சுக்கிட்டிருந்தோம்.

ரூமி-1 ஒரு ஹைபிரிட் ராக்கெட். எரிபொருள் திடமா ஒரு பக்கம், அதை எரிய வைக்கிற ஆக்சிஜன் சரக்கு தனியா இன்னொரு பக்கம். தீபாவளி ராக்கெட்டுல ரெண்டும் ஒண்ணாக் கலந்திருக்கும். பத்த வச்சா வச்சதுதான், நடுவுல நிறுத்த முடியாது. ஹைபிரிட்ல வால்வை மூடினா தீ அணைஞ்சிடும். மேல போய் வேலை முடிஞ்சதும் கார்பன்-டை-ஆக்சைடு வாயு பாராசூட்டை வெளியே தள்ளும். ராக்கெட் மெதுவா இறங்கும். எடுத்துத் துடைச்சு மறுபடி விடலாம். இதுதான் திட்டம்.

'இந்தியாவின் முதல் மறுபயன்பாட்டு ஹைபிரிட் ராக்கெட்'னு பேப்பர்கள்ல தலைப்பு வந்துச்சு. சந்தோஷம்தான். ஆனா, 'மறுபடி பறக்கலாம்'ங்கிறது ஒண்ணு, 'மறுபடி பறந்துச்சு'ங்கிறது வேற ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் மொத்த இன்ஜினீயரிங்கும் இருக்கு.

முட்டைநாட்!

எனக்கு அது எப்படித் தெரியும்னா, நானும் என் ஃப்ரெண்டும் ஒரு ராக்கெட் விட்டிருக்கோம். சிரிக்காதீங்க. ரெண்டு லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டில், மூணுல ஒரு பங்கு தண்ணி, சைக்கிள் பம்ப். உச்சியில ஒரு மூடி, அதுக்குள்ள பாலிதீன் கவர்ல செஞ்ச பாராசூட், கூட ஒரு கோழிமுட்டை. அதுதான் எங்க விண்வெளி வீரர். எங்க ஊர் கிரவுண்டுல கிரிக்கெட் ஆடுற பசங்க எல்லாம் மேட்சை நிறுத்திட்டு வேடிக்கை பார்க்க, பாட்டில் பிரமாதமா மேல போச்சு. கைதட்டல். அப்புறம் அதே வேகத்துல கீழே வந்துச்சு. மூடி கழறவே இல்ல. பாராசூட் உள்ளேயே இருந்துச்சு. முட்டையைப் பத்திச் சொல்லணுமா?

ரெண்டு விஷயம் கத்துக்கிட்டோம். ஒண்ணு அந்த மூடி. அதைக் கடைசியில சொல்றேன். இன்னொண்ணு, பம்ப் அடிச்சு முடிச்சதும் அதோட அடிப்பக்கத்தைத் தொட்டா கை சுட்டுச்சு. காத்தை வேகமா அமுக்கினா சூடாகும். பிளஸ் ஒன்ல படிச்சதுதான். அந்தச் சூட்டை அப்படியே மனசுல வச்சுக்கோங்க.

ரூமி மாதிரி ராக்கெட்டுகள் மேல போய் அப்படியே கீழ வர்றவை. மனுஷனைக் கூட்டிக்கிட்டு நாள்கணக்குல பூமியைச் சுத்தணும்னா, உயரம் மட்டும் போதாது. வேகம் வேணும். 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஸ்பேஸ் ஸ்டேஷனோட வேகம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர். நம்ம செங்கல்பட்டு - பீச் தூரம் அறுபது கிலோமீட்டர் இருக்குமா? அதைக் கடக்க எட்டு செகண்ட்! (டிரெய்ன்ல எவ்வளவு நேரம்னு நான் சொல்ல வேண்டாம்.)

அங்க ஈர்ப்பு விசையே இல்லாததால மிதக்கிறாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தப்பு. அந்த உயரத்துல இங்க இருக்கிறதுல பத்துல ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கு. எங்க ஊர் நரசிம்மரை வலம் வரணும்னா மலையையே சுத்தி வரணும், ஏன்னா சன்னிதி மலையைக் குடைஞ்சது. அது மாதிரி ஸ்பேஸ் ஸ்டேஷன் பூமியைக் கிரிவலம் வருது. ஆனா ஒவ்வொரு நொடியும் பூமியை நோக்கி விழுந்துக்கிட்டே வருது. பக்கவாட்டு வேகம் ஜாஸ்திங்கிறதால தரை கிடைக்கவே மாட்டேங்குது. உள்ளே இருக்கிறவங்களும் கூடவே விழறாங்க. அதான் மிதக்கிறது. சுகமா இருக்கும்னு பொறாமைப்படாதீங்க. வேலை இல்லாத எலும்பு மாசத்துக்கு ஒரு சதவிகிதம் அளவுக்குத் தேயும். அதனால தினமும் ரெண்டு மணி நேரம் எக்சர்சைஸ் கட்டாயம்!

இப்ப அந்த வேகத்தைக் குறைச்சு கீழ வரணும். எஞ்சினைத் திருப்பி எரிச்சு முழுசா பிரேக் போடலாம்னா, மேல போக ஆன அளவுக்கு எரிபொருள் திரும்ப வேணும். யாரால தூக்க முடியும்? அதனால எஞ்சின் ஒரு சின்னத் தள்ளு மட்டும் கொடுக்கும். மீதி பிரேக் முழுக்க நம்ம காத்துதான். கலம் காத்துமேல மோதி அதை அமுக்குது. சைக்கிள் பம்ப் ஞாபகம் இருக்கா? அதே கதை, ராட்சச சைஸுல! வெளியே ஆயிரத்து ஐநூறு டிகிரிக்கு மேல போகும். இரும்பே 1,538 டிகிரியில உருகிடும். அதனாலதான் மனுஷன் வர்ற கேப்ஸ்யூலோட அடிப்பாகம் ஊசி மாதிரி இல்லாம மழுங்கலா, தட்டு மாதிரி இருக்கு. மழுங்கலா இருந்தா சூடான காத்து கலத்தை ஒட்டாம கொஞ்சம் தள்ளியே நிக்கும். மிச்சத்தை வெப்பக் கவசம் பார்த்துக்கும். இந்தக் கவசம், பாராசூட் வித்தையெல்லாம் இந்தியா முதல்ல செஞ்சு காட்டினது 2007-ல. 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ.-1 கேப்ஸ்யூல், ஜனவரி 10 அன்னிக்குப் போய், 22 அன்னிக்கு நம்ம வங்காள விரிகுடாவுல பத்திரமா வந்து இறங்குச்சு.

கவசம் தப்பினா என்ன ஆகும்னு கேட்கிறீங்களா? கல்பனா சாவ்லா. 2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலத்துக்கு அது 28-வது பயணம். மறுபடி மறுபடி பறக்கிறதுக்காகவே செஞ்ச கலம். கிளம்பின 82-வது செகண்ட்ல, வெளி டேங்க்ல இருந்து பிய்ஞ்ச ஒரு ஃபோம் துண்டு இடது இறக்கையோட முன்விளிம்புல அடிச்சுது. ஒரு கிலோகூட இல்லாத துண்டு. பதினாறு நாள் எல்லாம் நல்லாவே போச்சு. திரும்பி வர்றப்ப அந்த ஓட்டை வழியா சூடு உள்ளே புகுந்துச்சு. தரையிறங்க இன்னும் பதினாறு நிமிஷம்தான் இருந்துச்சு. ஏழு பேர். எங்க மெக்கானிக்கல் லேப் சுவத்துல கல்பனா படம் இருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் போறோம்.

செகண்ட் ஹேண்ட் ராக்கெட்!

அதுக்கப்புறமும் இந்த 'மறுபடி பறக்கிற' ஆசையை யாரும் விடலை. 2015 டிசம்பர்ல ஸ்பேஸ்-எக்ஸோட ஃபால்கன்-9 ராக்கெட்டின் கீழ் அடுக்கு, சரக்கை மேல அனுப்பிட்டு, நடுவானத்துல திரும்பி, வலை மாதிரி இருக்கிற துடுப்புகளால வழி பிடிச்சு, எஞ்சினை மறுபடி பத்த வச்சு, காலை நீட்டித் தரையில நின்னுச்சு. சும்மா இல்ல, இறங்குறதுக்கும் எரிபொருளை மிச்சம் வைக்கணும். அந்த அளவுக்கு மேல கொண்டுபோற சரக்கு குறையும். லாபமா நஷ்டமா? அதே அடுக்கை எத்தனை தடவை பறக்க விடறோம்ங்கிறதுல இருக்கு கணக்கு. முப்பது தடவைக்கு மேல பறந்ததெல்லாம் உண்டு.

ராகேஷ் சர்மாவுக்கு 41 வருஷம் கழிச்சு, 2025 ஜூன் 25-ல குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் போனாரே, அவரைத் தூக்கிட்டுப் போனதும் ஏற்கெனவே ஒரு தடவை பறந்த கீழ் அடுக்குதான். அவர் கிளம்ப வேண்டியது ரெண்டு வாரம் முன்னாடி. திரவ ஆக்சிஜன் கசிவு. அந்தக் கசிவு, முந்தின பயணத்துல இருந்து அந்த அடுக்கு திரும்பினப்பவே தெரிஞ்சது. பழுது பார்த்தப்ப முழுசா சரியாகல. முழுசா சரி பண்ணாம கிளம்பக்கூடாதுன்னு நம்ம இஸ்ரோ ஆளுங்களும் பிடிவாதமா நின்னாங்க. ரிப்பேர் முடிஞ்ச பிறகுதான் பயணம். ஜூலை 15-ல கலிஃபோர்னியா கடல்ல சுபான்ஷு சிரிச்சுக்கிட்டே வெளியே வந்ததை டி.வி.யில பார்த்தப்ப, எனக்கு அந்தக் கசிவுதான் ஞாபகம் வந்துச்சு. டூ-வீலரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாலே மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறோம். இது சும்மாவா?

இஸ்ரோ இன்னொரு வழியும் பார்க்குது. அது இறக்கை வச்ச 'புஷ்பக்'. கர்நாடகாவுல சித்ரதுர்கா பக்கத்துல, சினூக் ஹெலிகாப்டர் அதை நாலரை கிலோமீட்டர் உயரத்துல விட, ஆள் இல்லாம தானே ரன்வேயைத் தேடி இறங்குச்சு. 2023-ல ஒரு தடவை, 2024-ல ரெண்டு தடவை. கடைசித் தடவை தரையைத் தொட்ட வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல. சாதாரண பயணிகள் விமானம் 260-ல இறங்கும். இறக்கை குட்டியா இருந்தா மெதுவா மிதந்து வர முடியாது, அதான்.

சரி, அந்த மூடிக்கு வருவோம்.

ககன்யான்ல நம்ம ஆளுங்க இறங்கப்போறது இறக்கையால இல்ல, பாராசூட்டால. மொத்தம் பத்து பாராசூட். முதல் ரெண்டோட வேலை என்ன தெரியுமா? மத்த பாராசூட் இருக்கிற அறையோட மூடியைக் கழட்டி இழுத்துட்டுப் போறது. அவ்வளவுதான்! மூடி கழறணும்ங்கிறதுக்காக மட்டும் ரெண்டு பாராசூட். அதைப் படிச்சப்ப நானும் ஃப்ரெண்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்புறம் ரெண்டு பாராசூட் வேகத்தைக் குறைச்சு ஆட்டத்தை அடக்கும். அடுத்த மூணு, பெரிய மூணை வெளியே இழுக்கும். பெரிய மூணுல ஒண்ணு விரியாமப் போனாலும், மீதி ரெண்டு போதும் உயிரோட இறங்க.

இதையெல்லாம் பேப்பர்ல போட்டுட்டு விட்டுடலை. 2023 அக்டோபர் 21-ல ஆள் இல்லாத கேப்ஸ்யூலை ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து அனுப்பி, பாதியில ராக்கெட்ல இருந்து தப்பிக்கிற சோதனை செஞ்சாங்க. பாராசூட் எல்லாம் பக்கா. ஆனா கடல்ல கேப்ஸ்யூல் தலைகீழா மிதந்துச்சு. நேவி ஆளுங்க போய் மீட்டாங்க. உள்ளே மனுஷன் இருந்தா தலைகீழாத் தொங்கணும். அதனால நிமிர்த்துற பலூன் வேலையும் லிஸ்ட்ல இருக்கு. அப்புறம் 2025 ஆகஸ்ட் 24, ரூமி கிளம்பி சரியா ஒரு வருஷம் கழிச்சு, கிட்டத்தட்ட அஞ்சு டன் டம்மி கேப்ஸ்யூலை ஹெலிகாப்டர்ல இருந்து போட்டு, பாராசூட் வரிசையைச் சோதிச்சாங்க. விரிஞ்சுது!

ககன்யானுக்குன்னு 2024 பிப்ரவரியில அறிவிச்ச நாலு பேர்ல சுபான்ஷு ஒருத்தர். இன்னொருத்தர் அஜித் கிருஷ்ணன், நம்ம சென்னையில பிறந்தவர். அந்தப் பத்து பாராசூட்டை மடிக்கிற ஆளுங்க யாருன்னு நமக்குத் தெரியாது. ஆனா அவங்க எவ்வளவு பொறுமையா மடிப்பாங்கன்னு, முட்டை வாசனை போகாத ஒரு பாட்டிலைப் பார்த்தா எனக்குப் புரியுது.

எங்க அடுத்த லாஞ்ச் செமஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. இந்தத் தடவை மூடியை இழுக்க தனியா ஒரு குட்டி பாராசூட் வச்சிருக்கோம். பாட்டில் அதேதான்... ஸோ, நாங்களும் மறுபயன்பாடுதான் பாஸ்! முட்டை மட்டும் புதுசு.