நிரலுக்கும் சுருதி உண்டு

மூலநிரலில் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் கணினிக்கு எண்தான். ஆங்கிலச் சிறிய 'ஏ' 97, இடைவெளி 32, வரியின் முடிவு 10. பதிவான பாட்டும் கணினிக்குள் எண்களாகவே கிடக்கிறது. அப்படியானால் நிரலையே பாட்டென்று நினைத்து ஓடவிட்டால் என்ன? பழைய லினக்ஸில் கோப்பை நேராக ஒலி அட்டைக்கு அனுப்ப ஒரு வரிக் கட்டளை போதும். இன்று ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எந்தக் கோப்பையும் ஒலியாகத் திறக்கலாம்.

நொடிக்கு 8000 எண்கள் என்று வேகம் வைப்போம். முதலில் காதில் விழுவது இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து சுரங்கள் எழுகின்றன. எனக்கு இதில் தீராத வியப்பு. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்பீக்கர் அசைவதில்லை. அதனால் வரித் தொடக்கத்து வெற்றிடங்கள் மௌனமாகின்றன. ஒரே அமைப்பில், ஒவ்வொன்றும் வரிமுடிவையும் சேர்த்து 40 எழுத்து நீளத்தில் வரிகள் அடுக்கியிருந்தால், அந்த அமைப்பு நொடிக்கு 200 முறை திரும்பும்: 200 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய ஒரு பெண் பேசும் குரலின் சுருதி. வரி 20 எழுத்தாகக் குறைந்தால் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். நிரலாளர் இடையிடையே எழுதும் விளக்கக் குறிப்புகளில் இந்த ஒழுங்கு இல்லை, அவை சீறுகின்றன.

அந்தக் குறிப்பு தமிழில் இருந்தால் கதை வேறு. எழுத்துகளை எண்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று எண்கள். முதலாவது எப்போதும் 224, அடுத்தது 174 அல்லது 175. மூன்றாவதுதான் பெரிதும் மாறும். மூன்றுக்கு ஒருமுறை 224 வருவதால் சுமார் 2667 ஹெர்ட்ஸில் ஒரு விசில் கிளம்பும். சொல்லுக்குச் சொல் இடைவெளி அதைச் சற்றே இடறச் செய்யும், அவ்வளவுதான்.

மீண்டும் வருவதே சுரம் என்பது கணினியின் தொடக்க காலத்திலேயே தெரிந்திருந்தது. மான்செஸ்டரின் ஃபெரான்டி மார்க் 1 இயந்திரத்தில் 'ஹூட்டர்' என்றொரு ஒலிபெருக்கி இருந்தது. அதற்கான கட்டளை ஒருமுறை ஓடினால் 'டக்' என்ற சத்தம்; அதையே சுழலுக்குள் வைத்தால் சுரம். சுழலின் நீளமே சுருதியை முடிவு செய்தது. கணினி முன்னோடி ஆலன் டூரிங் இதை அந்த இயந்திரத்துக்கான தம் கையேட்டில் எழுதிவைத்தார். நிரலாளர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி அதைக் கொண்டு பிரிட்டனின் தேசிய கீதத்தையே இசைக்கவைத்தார். 1951-இல் பிபிசி அதை ஓர் இசைத்தட்டில் பதிவு செய்தது.

2016-இல் ஆய்வாளர்கள் ஜாக் கோப்லாந்தும் ஜேசன் லாங்கும் அந்தப் பழைய இசைத்தட்டை ஆராய்ந்தபோது, அந்த இயந்திரத்தால் எழுப்பவே முடியாத சுருதிகள் அதில் ஒலித்தன. பதிவின்போது தட்டு தவறான வேகத்தில் சுழன்றிருக்கிறது! மார்க் 1-இன் சுழல்களால் எந்தெந்தச் சுரங்கள் வரக்கூடும் என்று கணக்கிட்டு, அவர்கள் சரியான வேகத்தை மீட்டெடுத்தார்கள்.