இரண்டு சக்கர நாட்கள் – 9: டயர் பேசாத இடம்

போன வாரம் எரிச்சலோடு முடித்திருந்தேன். மதுரையில் 22 வருடம் வண்டி ஓட்டியவனை, லண்டனில் முன்னாலும் பின்னாலும் சிவப்பு 'எல்' மாட்டிக்கொண்டு ஆனா ஆவன்னாவிலிருந்து பழகச் சொல்கிறார்களே என்ற எரிச்சல். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த எரிச்சல் காணாமல் போனது. குளிரைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கிழக்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடல். வாரநாளில் பிள்ளைகள் ஓடியாடும் தார்த்தரையில், சனி ஞாயிறில் ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கி வண்டி பழக்குகிறார்கள். சுவரோரம் நான்கு 125 சிசி வண்டிகள். சீட்டின் மேல் கோலமாவு தூவினாற்போல் உறைபனி. பயிற்சியாளர் அதைப் புறங்கையால் தட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அறுபது வயதிருக்கும். பாதி ஆயுளை லண்டன் தெருக்களில் பைக் கூரியராகக் கழித்தவர். எல்லோரும் அவருக்கு 'மேட்'தான். என் பெயரை அன்று முழுக்க ஒருமுறைகூட உச்சரித்துப் பார்க்கவில்லை.

என்னோடு இன்னொருவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். சாப்பாடு டெலிவரிக்குப் போக வண்டி வேண்டும். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழன் என்று தெரிந்துவிட்டதுபோல. "அண்ணை, எனக்கு இது முதல் விண்டர். கை கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை" என்றான்.

இந்தப் பயிற்சிக்கு சிபிடி என்று பெயர். பிரிட்டனில் 1990 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஐந்து பகுதி, கடைசிப் பகுதி குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில். பரீட்சை, பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. பயிற்சியாளருக்குத் திருப்தி வந்தால் சான்றிதழ் எழுதித் தருவார். இரண்டு வருடம் செல்லும். திருப்தி வராவிட்டால் இன்னொரு நாள், இன்னொரு கட்டணம். நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவனுக்கு இது கொஞ்சம் நியாயமாகவே பட்டது. ஆனால் இதைக் கோடையில் செய்திருக்கலாம்.

அன்று வெப்பநிலை 2 டிகிரி. நின்றுகொண்டிருப்பவனுக்குத்தான் அது 2 டிகிரி. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகிறவனின் வெறுந்தோலுக்கு மைனஸ் 5 மாதிரி உறைக்கும். 50 மைலில் மைனஸ் 7. காற்று உடம்புச் சூட்டைத் திருடிக்கொண்டே போவதால் வரும் கணக்கு இது. வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எஞ்சின் எத்தனை வேகத்தில் போனாலும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடாது. குளிர்கால ஓட்டத்தில் முதலில் பழுதாவது ஓட்டுபவன்தான்.

அதிலும் கை. உடம்பு குளிரும்போது ரத்தத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இழுத்துக்கொண்டு விரல்களைக் கைவிட்டுவிடுகிறது. வண்டியில் விரல்களுக்குத்தான் வேலையே. கிளட்ச், முன் பிரேக், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் விரல் நுனியில். பத்து மணிக்கு நான் கிளட்ச்சை விட்டபோது வண்டி குதித்து நின்றது. மறுபடி, மறுபடி. 22 வருடம்! கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பயிற்சியாளர் வந்து என் கையுறையைக் கழற்றச் சொல்லி, எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். அடுப்பிலிருந்து இறக்கி அரை மணி ஆன இட்லிக் கொப்பரை மாதிரி ஒரு சூடு. அன்று ஒவ்வொரு சிக்னலிலும் நாங்கள் மூவரும் நியூட்ரலுக்கு வந்ததும் இடது கையைத் தொங்கவிட்டு எஞ்சினைத் தடவிக்கொண்டிருந்தோம். பார்த்தவர்கள் மாட்டைத் தடவிக் கொடுக்கிறான்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் விழுந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அவசரமாக நிறுத்தும் பயிற்சி. அவர் கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். நம் ஊரில் வண்டி பழகும்போதே காதில் ஓதிவிடுவார்கள்: "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புறத் தள்ளிரும்." ஆகவே நான் பின் பிரேக்காரன். இங்கே அதற்கு நேரெதிர். காய்ந்த சாலையில் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது, அதைத்தான் அதிகம் பிடிக்க வேண்டும், ஈரமாக இருந்தால் இரண்டையும் சமமாகப் பிடி என்றார். பாடத்தைக் கேட்டேன், விரல் கேட்கவில்லை. மரத்துப்போன விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று மூளைக்குச் சேதி வருவதற்குள் மொத்தமாக அழுத்தியிருந்தேன். முன்சக்கரம், கூடைப்பந்துக்காகத் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. பெயின்டின் மேல் பனிநீர். நடைவேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான் இருக்கும். அப்படியே பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்தேன். நான்கு அடுக்குச் சட்டை போட்டிருந்ததால் தலையணை விழுந்த சத்தம்தான் கேட்டது.

பையன் சிரிக்கவில்லை. "அண்ணை, நோகுதோ?" என்று ஓடிவந்து வண்டியைத் தூக்கினான். பயிற்சியாளர் வெள்ளைக் கோட்டைக் காலணியால் தேய்த்துக் காட்டினார். சாலையில் இருக்கிற அம்புக்குறி, சாக்கடை மூடி, உதிர்ந்து ஊறிய இலை எல்லாம் இதே ஜாதி என்றார்.

இன்னொரு பாடம் கழுத்துக்கு. திரும்புவதற்குச் சற்று முன் தோளுக்கு மேல் ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத மூலையில் யாராவது வந்தால் உயிர் தப்புவது அந்தப் பார்வையால்தான் என்பதால் அதற்குப் பெயரே 'லைஃப்சேவர்'. நம் ஊரில் ஒரு ஹாரன், கொஞ்சம் கையாட்டல், மிச்சம் மீனாட்சியம்மன் பொறுப்பு. பழகாத கழுத்து. அதிலும் கழுத்துக் குழாய், மஃப்ளர், ஜாக்கெட் காலர் எல்லாம் சேர்ந்து ஹெல்மெட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தலை திரும்பவில்லை; உடம்பே திரும்பியது. உடம்போடு ஹேண்டில்பாரும் திரும்பியது. மஃப்ளரை அவிழ்த்துச் சுவரில் போட்டுவிட்டு வரச் சொன்னார். குளிருக்கு என்று மாட்டுவதில் பாதி, ஓட்டுவதற்கு இடைஞ்சல்.

மதியம் டீ குடிக்கும்போது அவர் சொன்ன உபாயம், நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நியூஸ்பேப்பர். காற்று புகாது, காசும் இல்லை. அவர் அதைப் பெரிய ரகசியம்போல் சொன்னார். மார்கழி விடியலில் ராஜ்தூத்தில் உசிலம்பட்டிக்குக் கிளம்பும் என் அப்பா சட்டைக்குள் தினத்தந்தியை மடித்துச் செருகுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்தப் பேப்பரின் செய்தி பனியனில் ஒட்டியிருக்கும்.

இந்தக் குளிரைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பயிற்சியாளர் போய் வந்திருக்கிறாராம். ஜெர்மனியில் 'எலஃபான்டன்ட்ரெஃபன்', யானைச் சந்திப்பு. சுண்டாப் கேஎஸ் 601 என்ற வண்டிக்குப் 'பச்சை யானை' என்று பட்டப்பெயர். அந்த வண்டிக்காரர்களை எர்ன்ஸ்ட் லெவெர்குஸ் என்ற மோட்டார்சைக்கிள் பத்திரிகையாளர் 1956-இல், ஷ்டுட்கார்ட் பக்கம் நட்டக் குளிர்காலத்தில் கூட்டினார். பிறகு எந்த வண்டியும் வரலாம் என்றானது. 1989 முதல் பவேரியக் காட்டுப்பகுதியில் சோலா என்ற சிற்றூரை அடுத்த பள்ளத்தில் கூடுகிறார்கள். பனியின் மேல் வைக்கோல் பரப்பிக் கூடாரம் அடிப்பார்களாம். பலர் சைட்கார் பூட்டி வருவதன் ரகசியம் எளிது: மூன்று சக்கரம் பனியில் வழுக்கும், ஆனால் விழாது. "ஏன் போனீர்கள்?" என்று கேட்டேன். "குளிராக இருக்கும் என்றார்கள்" என்றார். வேறு விளக்கம் வரவில்லை.

ஒரு மணிக்குச் சாலை. பையன் முன்னே, நான் நடுவே, அவர் பின்னே; எங்கள் காதில் அவர் குரல். இந்த ஊர் சாலை விதிப் புத்தகத்தில், 30 மைல் வேகத்தில் யோசிக்க 9 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 14 மீட்டர் என்று போட்டிருக்கிறது. ஈரமென்றால் பிரேக் தூரம் இரட்டிப்பாகும். பனிக்கட்டியென்றால் பத்து மடங்கு வரை போகும். அதாவது 140 மீட்டர், ஒரு கால்பந்து மைதானத்தைத் தாண்டி நிற்பான். இதற்காகத்தான் முன்னிரவே லாரிகள் வந்து பாறை உப்பைத் தூவிவிட்டுப் போகின்றன. பெரிய சாலைகளில் மட்டும். அந்த உப்பு பனியைத் தின்ற கையோடு நம் செயினையும் தின்னும். வீட்டுக்குப் போனதும் பச்சைத் தண்ணீரில் கழுவு, வெந்நீர் ஊற்றினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்.

எங்களுக்கு வாய்த்தது உப்புப் போடாத சின்னச் சாலை. ஒருபக்கம் உயர்ந்த மதில், மறுபக்கம் மரங்கள். அன்று முழுக்க அங்கே வெயில் விழுந்திருக்காது. தார் கறுப்பாக, கொஞ்சம் ஈரமாகத் தெரிந்தது. பிளாக் ஐஸ் கறுப்பாக இருப்பதில்லை. கண்ணாடி மாதிரி இருந்து, அடியிலுள்ள தாரைக் காட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். காலையில் அவர் சொல்லியிருந்தார், காதால் பார் என்று. டயர் தாரின் மேல் உருளும்போது ஓயாமல் ஒரு இரைச்சல் இருக்கும். வண்டி ஓட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை, நின்றால்தான் தெரியும்.

நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஹேண்டில்பார் கையில் எடையே இல்லாமல் ஆனது.

"ஒண்ணும் பண்ணாதே மேட்" என்றது காது. "பிரேக் வேண்டாம். கிளட்ச் வேண்டாம். நேராகப் பார்."

பிரேக் பிடிக்க வலது கை துடித்தது. 22 வருடப் பழக்கம். அப்போது விரல் மரத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு. நான்கைந்து விநாடி இருக்கும். மதில் முடிந்த இடத்தில் சர்ரென்று அந்த இரைச்சல் திரும்பி வந்தது. முன்னே போன பையனுக்கு எதுவுமே தெரியவில்லை. அவன் சாலையின் அந்தப் பக்கமாகப் போயிருந்தான்.

நான்கு மணிக்கு இருட்டிவிட்டது. திடலின் ஓரத்து இரும்புக் கொட்டகையில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதத் தொடங்கினார். பேனா எழுதவில்லை. மை இறுகியிருந்தது. உதறினார், வாயருகே வைத்து ஊதினார். பிறகு எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டு, அதன் ஆவியில் பேனாவைக் காட்டிக்கொண்டு நின்றார். கெட்டில் கொதிக்கும் வரை நாங்கள் இருவரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

(தொடரும்)